2008-இல் துகள் மோதுவியைக் கண்டு உலகம் ஏன் பதறியது?

துகள் மோதுவி என்பது புரோட்டான் போன்ற நுண்துகள்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு விரட்டி, எதிரெதிரே மோதவிடும் இயந்திரம். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருப்பது நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம்.

சரி, எதற்கு மோதவிட வேண்டும்? இரண்டு தேங்காய்களை மோதினால் சில்லுதான் சிதறும். இங்கே மோதலின் ஆற்றலே புதுத் துகளாக மாறுகிறது. தேங்காய் உடைந்து பலாப்பழம் விழுந்த மாதிரி! மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை விளக்க உதவும் ஹிக்ஸ் போசான் என்ற துகள் 2012-இல் அப்படித்தான் சிக்கியது.

இந்த இயந்திரத்தை முதன்முதலாக இயக்கிய 2008-இல், மோதலில் கருந்துளை (ஒளியைக்கூட வெளியே விடாத ஈர்ப்பு கொண்டது) பிறந்து பூமியை விழுங்கிவிடும் என்று ஒரே பரபரப்பு. ஆனால் இங்கே ஓடும் ஒரு புரோட்டானின் ஆற்றல், பறக்கும் சில கொசுக்களின் ஆற்றல் அளவுதான். இதைவிட வலுவான மோதல்கள், விண்வெளியிலிருந்து பாயும் துகள்களான விண்கதிர்களால் நம் தலைக்கு மேலே காலங்காலமாக நடக்கின்றன.

அப்புறம், பலர் நினைப்பதற்கு மாறாக 2008 செப்டம்பர் 10 அன்று எதுவும் மோதவே இல்லை. துகள் கற்றையைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள், முதல் மோதல் 2009 நவம்பரில்தான்.