வாசிக்கப்படாத பெயர்

ஐயா, அமெரிக்காவின் மார்மன் திருச்சபையின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எஸ்ரா டாஃப்ட் பென்சன், ஹ்யூ பி. பிரவுன் இருவருமே அப்போஸ்தலர்கள், அதாவது சபையின் உயர் தலைவர்கள். கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் கம்யூனிஸ்டுகளின் கருவி என்கிறார் ஒருவர். இன்னொருவர் 1963 அக்டோபர் மாநாட்டு மேடையில் சம உரிமைக்காக அறிக்கை வாசிக்கிறார். இருவரிடமும் பேசியது ஒரே கடவுள் என்றால், யாருக்குக் காது கேட்கவில்லை? மதத் தலைவர்கள் எல்லோருமே கட்சிக்காரர்கள்தானே?
செல்வம்

அன்புள்ள செல்வம்,

காது கேட்கவில்லை என்று எழுதிவிட்டு நீங்களே சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்கு அடுத்த வரி சோம்பேறித்தனம். ‘எல்லோருமே’ என்று தொடங்கினால் அப்புறம் எதையும் படிக்க வேண்டியதில்லை, பாருங்கள்.

பென்சன் குடியரசுக் கட்சி அதிபர் ஐசனோவர் அமைச்சரவையில் எட்டு வருடம் வேளாண்துறையைப் பார்த்தவர். கம்யூனிச எதிர்ப்பில் தீவிரமான ஜான் பர்ச் சங்கத்தை வெளிப்படையாகப் புகழ்ந்தவர். பிரவுன் ஜனநாயகக் கட்சிக்காரர். சபைத் தலைவர் டேவிட் ஓ. மெக்கே குடியரசுக் கட்சி அபிமானி, ஆனாலும் பிரவுனைத்தான் ஆலோசகராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 1970இல் மெக்கே இறந்ததும் பிரவுனின் ஆலோசகர் பதவி போயிற்று. கறுப்பர்களுக்குக் குருத்துவம் இல்லை என்ற தடை நீங்க வேண்டும் என்று விரும்பியவர் அவர். 1978இல் அது நீங்கியபோது அவர் இல்லை, 1975லேயே போய்விட்டார். மூப்பு வரிசையில் முறை வந்து 1985இல் பென்சன் தலைவரானார். நாலு பேர் கூடும் இடத்தில் இரண்டு கட்சி இருக்கத்தான் செய்யும். இதற்குக் கடவுளை எதற்கு இழுக்கிறீர்கள்?

நீங்கள் இன்னும் எழுபது வருடம் பின்னால் போயிருக்க வேண்டும். மார்மன்கள் குடியேறியிருந்த யூட்டாவுக்கு மாநில அந்தஸ்து வேண்டும் என்பதற்காக அவர்கள் தங்கள் சொந்தக் கட்சியான மக்கள் கட்சியை 1891இல் கலைத்தார்கள். இனி மற்ற அமெரிக்கர்களைப் போல இரண்டு தேசியக் கட்சிகளில் பிரிந்து சேருங்கள் என்றார்கள் சபைத் தலைவர்கள். சரி என்று சேர்ந்தவர்களில் இரண்டு பேர் மோசஸ் தாட்சர், பி. எச். ராபர்ட்ஸ். தாட்சர் அப்போஸ்தலர், ராபர்ட்ஸ் அடுத்த படியில் இருந்தவர். 1895இல் இருவரும் ஜனநாயகக் கட்சி சார்பில் களத்தில் இறங்கினார்கள். மேலிடத்தைக் கேட்காமல் எப்படி இறங்கலாம் என்று சபைக் கூட்டத்திலேயே கண்டனம் வந்தது. அடுத்த வருடம் ஒரு தாள் வந்தது. உயர் பொறுப்பில் இருப்பவர் தேர்தலுக்குப் போகும் முன் அனுமதி வாங்க வேண்டும், எல்லோரும் கையெழுத்திடுங்கள் என்று.

ராபர்ட்ஸ் வாரக்கணக்கில் மறுத்தார். கடைசியில் மார்ச் மாதம் போட்டுவிட்டார். தாட்சர் போடவில்லை.

ஏப்ரல் மாநாடு. அங்கே தலைவர்களின் பெயர்களைச் சபை முன் வாசிப்பார்கள், ஏற்பவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும். அன்றைய பட்டியலில் தாட்சர் பெயர் வாசிக்கப்படவில்லை. எதிர்த்துக் கை தூக்கலாமா என்று கேட்கிறீர்களா? வாசிக்காத பெயருக்கு எப்படித் தூக்குவது? அந்த வருடக் கடைசியில் பதவியும் முறைப்படி போயிற்று. சில வருடம் கழித்து இன்னொரு அப்போஸ்தலர் ரீட் ஸ்மூட், குடியரசுக் கட்சிக்காரர், முறையாக அனுமதி வாங்கி செனட்டுக்குப் போய் முப்பது வருடம் இருந்தார். விதி ஒன்றுதான்.

தாட்சரைப் போற்றுவது எளிது. எனக்கு ராபர்ட்ஸ்தான் உறுத்துகிறார். கையெழுத்துப் போட்ட பிறகும் அவர் வாய் மூடவில்லை. 1919இல், முதல் உலகப்போருக்குப் பின் நாடுகள் சேர்ந்து அமைத்த சர்வதேச சங்கத்தை ஸ்மூட் எதிர்த்தபோது இவர் அதற்காகப் பேசினார். சபையின் வரலாற்றை ஆறு தொகுதிகளாக எழுதினார். உள்ளே இருந்ததால்தான் முடிந்தது என்று சொல்லலாம். நானும் என்னிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

என் முப்பது வயதில் ஒரு சிறுபத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருந்தேன். தேர்தல் நேரத்தில் ஒரு கூட்டறிக்கை வந்தது. பதினோரு பேர் கையெழுத்திட வேண்டும். நானும் ஒரு நண்பரும் மாட்டோம் என்றோம். மூன்றாம் நாள் நான் போட்டேன். அடுத்த இதழின் இரண்டாம் பக்கத்தில் பத்துப் பெயர்கள். அச்சகத்தில் வரிகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சம் இடம் விட்டுக் கோத்திருந்தார்கள், ஒரு வரி குறைந்தது தெரியவே இல்லை. அந்த நேர்த்தியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எடுத்துவிட்டோம் என்று ஒரு வரி போட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கொள்கை வேறுபாடு எந்த அமைப்பையும் கெடுக்காது, செல்வம். பென்சனும் பிரவுனும் ஒரே மேடையில் இருந்தது அந்தச் சபைக்கு அவமானம் இல்லை. நீங்கள் தேட வேண்டியது தாட்சரின் பெயர் இருந்த இடத்தை.

நண்பர் மகளின் கல்யாணத்துக்குப் போன வருடம் போயிருந்தேன். பந்தியில் அவரே வந்து எனக்கு இன்னொரு அப்பளம் வைத்தார். கையெழுத்தைப் பற்றி அன்றும் கேட்கவில்லை.