ஆன் போனி படத்துல கோட்டு மட்டும் வெளுத்துப் போச்சா?

சகோ, பாறசாலைல உக்காந்து ஆயில்ல வரைஞ்ச கடல் கொள்ளைக்காரி ஆன் போனி படத்துல முகம் பளபளன்னு இருக்கு, கறுப்பு கோட்டு மட்டும் திட்டுத் திட்டா வெளுத்திருச்சு, இடவப்பாதி மழைல (தென்மேற்குப் பருவமழை) பூஞ்சை புடிச்சிருச்சான்னு கேட்டிருக்கீங்க. நாங்களும் களியக்காவிளை பக்கந்தான், அந்த ஈரம் நல்லாத் தெரியும். காஞ்ச காட்டன் துணியால லேசா தொடச்சுப் பாருங்க, வெள்ளப் பொடி ஒட்டுச்சுன்னா பூஞ்சையாதான் இருக்கும், மத்த படங்கள விட்டுத் தள்ளி வைங்க. ஒண்ணும் ஒட்டலன்னா அடிப்பூச்சு பெயிண்ட்ல இருக்க எண்ணெய உறிஞ்சிருக்கும், கறுப்புலயும் அம்பர்ங்கிற (umber) பழுப்புலயும் இந்தத் தொல்லை ஜாஸ்தி. பெயிண்ட் தொட்டா ஒட்டாத அளவுக்கு காஞ்சிருந்தா லின்சீட் ஆயில (ஆளிவிதை எண்ணெய்) மினரல் ஸ்பிரிட்ல (பெயிண்ட் கரைக்கிற தின்னர்) கலந்து துளியூண்டு அந்த இடத்துல தேச்சு, மிச்சத்த சுத்தமா துடைச்சிருங்க, நிறம் அப்டியே எந்திரிச்சு வரும். தேச்ச துணிய மட்டும் சுருட்டிப் போடாதீங்க, தானா தீப்புடிக்கும், வெளிய விரிச்சுக் காயப்போடுங்க. ஃபைனல் வார்னிஷுக்கு 6 மாசமாவது பொறுங்க, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

நீங்க கேக்கல, ஆனா அந்த இறகு வச்ச தொப்பி உறுத்துது. 1720ல ஜமைக்காவுல ஆன் போனி மேல நடந்த விசாரணைல சாட்சி சொன்ன ஒரு பொம்பள, ஆன் போனி போட்டிருந்தது ஆம்பள ஜாக்கெட்டு, நீளக் கால்சட்டை, தலைல கட்டுன கைக்குட்டைன்னுதான் சொல்லிருக்கா. தொப்பிய எடுத்துட்டு துணியக் கட்டிவிடுங்க, முகமும் நல்லா எடுப்பா தெரியும்.