இறகும் நூலும்: அம்பு கட்டுவோர் கேட்டவை

அம்பின் வாலில் இறகை ஒட்டப் பசையே போதாதா, நூல் எதற்கு?

இன்றைய பசையே போதும். பழைய பசை ஈரம் பட்டால் விட்டுவிடும். 1545 இல் மூழ்கி 1982 இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் ஆயிரக்கணக்கான அம்புகள் கிடைத்தன. இறகுகள் மக்கிவிட்டன. செம்புக் களிம்பு கலந்த மெழுகுப் பூச்சும், அதில் நூல் சுற்றிய தடமும் தங்கிவிட்டன.

எப்படிச் சுற்றுவது?

மூன்று இறகுகளைச் சம இடைவெளியில் பசை தொட்டு வையுங்கள். ஒன்று, நாண் மாட்டும் வெட்டுக்குக் குறுக்காக நிற்க வேண்டும். முன்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு நெருக்கமாகச் சுற்றிவிட்டு, பின்னோக்கி 5, 6 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்றாகப் போங்கள். நூலை அம்பின் மேல் சுற்றாதீர்கள், அம்பை உருட்டுங்கள். நூல்கண்டை ஒரு டம்ளரில் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு உள்ளே குதித்துக்கொண்டிருக்கும். நூல் வரும் இடத்தில் ஊசி நுனியால் இறகின் இழைகளை விலக்கினால் நூல் அடித்தண்டில் போய் உட்காரும். மடங்கிய இழையை ஊசியால் எடுத்து, முன்னிருந்து பின்னாக நீவுங்கள். கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் ஒரு தனி நூல் வளையம் வைத்து, அதில் நுனியைக் கோத்து இழுத்தால் முடிச்சே வேண்டாம்.

அப்புறம், இறகுத்தண்டின் முன்முனையைச் சரிவாகச் சீவி நூலால் மூடுங்கள். சாதா வில்லில் அம்பு கைமேல் உரசித்தான் போகும். என் இடக்கையில் தழும்பு இருக்கிறது.

எந்த நூல்?

பட்டு, இல்லாவிட்டால் லினன். தேன்மெழுகு தடவுங்கள். நைலான் வழுக்கும்.

வலக்கையால் எய்கிறேன். பறவையின் இடச்சிறகு இறகுதானே வேண்டும்?

எதுவானாலும் சரி. ஓர் அம்பில் மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகினதாக இருந்தால் போதும்.

என் ஆசான் இடச்சிறகு என்றுதான் சொன்னார். அவர் சொன்னது தவறா?

ஆசானுக்கு மரியாதை. இடச்சிறகு இறகும் வலச்சிறகு இறகும் எதிரெதிராக வளைந்திருப்பதால் அம்பை எதிரெதிர்ப் பக்கம் சுழற்றும். ஆனால் அம்பு வில்லை விட்ட பிறகுதான் சுழலத் தொடங்குகிறது. மெதுவாக ஓட்டிய படங்களில் பாருங்கள், கையைத் தாண்டும்வரை அநேகமாகத் திரும்புவதே இல்லை. பிறகு எந்தப் பக்கம் சுழன்றால் உங்கள் கைக்கு என்ன?

அப்படியானால் இரண்டு இடது, ஒரு வலது கலக்கலாமா?

கூடாது! வளைவுகள் எதிரெதிராக இழுக்கும். அம்பு சீராகச் சுழலாது.

இடச்சிறகில் குறி நன்றாக விழுகிறதே?

பழகிய அம்பு. வலச்சிறகில் பத்து கட்டி, பத்து நாள் எய்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது?

ஆல்ப்ஸ் பனியில் 1991 இல் கிடைத்த ஊட்சி என்ற மனிதன் சுமார் 5,300 ஆண்டுக்கு முந்தியவன். அவன் தூணியில் பதினான்கு அம்புத்தண்டுகள், முழுதாய் முடிந்தவை இரண்டுதான். அவற்றில் மூன்று இறகுகளை பிர்ச் மரத்தாரில் ஒட்டி, மெல்லிய நார்நூலால் நெருக்கமாகச் சுற்றியிருக்கிறான். மீதியை முடிக்காமலே மலையேறியிருக்கிறான் பாவம்.

மயிலிறகு?

மயிலைப் பிடித்துப் பிடுங்கினால் 1972 வனவிலங்குச் சட்டம் வரும். வான்கோழிப் பண்ணையில் கேளுங்கள்.

குறுக்குவில்லுக்கு?

என் துறை இல்லை.

நூல் நழுவுகிறதே?

தேன்மெழுகு. மேலே இருக்கிறது.

பசை மட்டும் போட்டால்?

முதல் பதில்.

இடக்கையால் எய்பவருக்கு எந்தச் சிறகு?

மறுபடியுமா! எந்தச் சிறகோ இருக்கட்டும். முன்முனையைச் சீவினீர்களா?