சட்னி கேட்ட பாட்டி

அன்புள்ள ஐயா,

நானும் நண்பர்களும் ஞாயிறுதோறும் அரசு மருத்துவமனை வாசலில் இட்லிப் பொட்டலம் கொடுக்கிறோம். முதலில் இருந்த உற்சாகம் இப்போது இல்லை. வாங்குகிறார்கள், போகிறார்கள், ஒரு நன்றிகூடக் கிடையாது. போன வாரம் ஒரு பாட்டி பாதி சாப்பிட்டுவிட்டு, "சட்னி இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று அதட்டலாகக் கேட்டார். மனசு விட்டுப்போயிற்று. அன்றன்று நடந்த நல்லதை நினைத்து எழுதிவைக்கும் நன்றிக் குறிப்பேடுகூடத் தினமும் எழுதுகிறேன். உதவி செய்தால் மகிழ்ச்சி வரும் என்கிறார்களே, எனக்கு ஏன் வரவில்லை?

கோவை வாசகர்

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு எழுந்து போகிற பிள்ளையைத் திட்ட மனசு வரவில்லை. ஆனாலும் திட்டத்தான் போகிறேன். குறிப்பேட்டை விடுங்கள், பிடித்தால் எழுதுங்கள். அந்தப் பாட்டியை மட்டும் நான் விடுவதாக இல்லை.

சில நாட்களாகவே வடலூர் நினைப்பாக இருக்கிறேன். 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே பசித்தவர்களுக்குச் சோறு போடும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. எல்லோரும் பேசுவது அந்த அடுப்பைப் பற்றித்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலில் அவர் பசியை எழுதியிருக்கும் விதம். கண் என்ன ஆகிறது, காது என்ன ஆகிறது, நாக்கு எப்படி வறள்கிறது என்று ஒரு வைத்தியர் நோயைப் பார்ப்பதுபோல உறுப்பு உறுப்பாகப் பார்த்து எழுதியிருக்கிறார். கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்காத ஆளுக்கு அது வராது.

இளவயதில் அங்கே பந்தியில் பரிமாறியிருக்கிறேன். ஒரு நடுவயதுக்காரர், தோளில் அழுக்குத் துண்டு. தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. நான் சாம்பார் வாளியோடு நகரப் போனேன். உடன் பரிமாறிய பெரியவர், "இருப்பா, ஓடாதே" என்றார். நின்றேன். நெற்றியில் வேர்வை பூத்தது, வளைந்திருந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது. அப்புறம்தான் அவர் என்னைப் பார்த்து, "ரசம் இருக்கா?" என்றார். கொஞ்சம் அதட்டலாகத்தான்.

வயிறு காய்ந்தவனுக்கு ரசமும் தெரியாது சட்னியும் தெரியாது. பசி இறங்கினால்தான் நாக்குக்கு ருசி திரும்பும். அப்புறம்தான் வாய் திறந்து கேட்கத் தோன்றும். உங்கள் பாட்டி பாதி சாப்பிட்ட பிறகு சட்னி கேட்டிருக்கிறார். விருந்துக்கு வந்தவர் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறார். பிச்சை வாங்குகிறவர் அப்படிக் கேட்பாரா? உங்களுக்கு வரவேண்டிய மகிழ்ச்சி அங்கேதான் வந்து நின்றது. நீங்களோ 'நன்றி' என்ற சொல்லுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். பொட்டலத்தை நீட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறீர்கள், சரி. யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்திருக்கிறீர்களா? உள்ளே படுத்திருப்பது மகனா, மருமகளா என்று கேட்டிருக்கிறீர்களா?

நூறு பொட்டலம் வேண்டாம், இருபது போதும். மிச்ச நேரத்துக்கு உட்காருங்கள். நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களுக்கு இட்லியைவிட வெந்நீருக்குத்தான் அலைச்சல் அதிகம், ஃபிளாஸ்க்கை வாங்கிப்போய் நிரப்பிக் கொடுங்கள். குளித்துவிட்டு வரும்வரை கட்டிலைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் தவிப்பவர்களும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். சட்னியும் கொஞ்சம் கூடுதலாகவே அரைத்துக்கொண்டு போங்கள்.