லூப் சுத்தும்போது இடையில கேப் விழுது!

கேள்வி: ஏபிள்டன் லைவ்ங்கிற மியூசிக் சாஃப்ட்வேர்ல எம்பி3 லூப் போட்டா ஒவ்வொரு சுத்துலயும் சின்னதா ஒரு கேப் கேக்குது, டிஸ்க்ல இடமும் குறைஞ்சுக்கிட்டே போகுது. ஏன்?

பதில்: ரெண்டுக்கும் காரணம் எம்பி3தாங்க. அது ஒலிய 1152 சாம்பிள் (ஒலியோட ஒவ்வொரு அளவீடு) வீதம் துண்டு துண்டாத்தான் சேத்து வைக்கும், 44.1 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு துண்டு சுமார் 26 மில்லிசெகண்ட் வரும், கடைசி துண்டு நிறையலன்னா மிச்சத்த சைலன்ஸ் போட்டு ரொப்பிடும், ஆரம்பத்துலயும் என்கோடர் (எம்பி3யா மாத்துற புரோகிராம்) கொஞ்சம் சைலன்ஸ சேத்துடும். பாட்டா கேக்கும்போது தெரியாது, லூப்ல அப்பட்டமா தெரியும். வேவ்ஃபார்ம (ஒலியோட அலை படத்த) நல்லா ஜூம் பண்ணி, முதல் அடி விழுற இடத்துக்கே ஸ்டார்ட் மார்க்கரயும் லூப் ஆரம்பத்தயும் நகர்த்திட்டு, லூப் நீளத்த முழு பார் (ஒரு தாளச் சுற்று) கணக்குல வைங்க, சரியாயிடும்.

டிஸ்க் விஷயம் என்னன்னா, லைவ் எம்பி3ய நேரா வாசிக்காம முழுசா விரிச்சு (டீகோட் பண்ணி) டீகோடிங் கேஷ்ங்கிற தற்காலிக ஃபோல்டர்ல ஒரு ஃபைலா வெச்சுக்கும். 16 பிட் ஸ்டீரியோன்னா நிமிஷத்துக்கு 10 மெகாபைட் கிட்ட ஆகும். செட்டிங்ஸ்ல கேஷுக்கு உச்ச அளவு வைக்கலாம். கேஷ அழிச்சாலும் பயமில்ல, ஒரிஜினல் இருந்தா மறுபடி டீகோட் பண்ணிக்கும், ஆனா நிகழ்ச்சிக்கு முன்னாடி மட்டும் தயவுசெஞ்சு அழிக்காதீங்க, திறக்கும்போது காத்திருக்க வேண்டி வரும்.

எம்பி3ய வேவா (சுருக்காத ஒலி ஃபைலா) மாத்துனா தரம் கூடாது, எம்பி3யா சுருக்கும்போது போன விவரம் போனதுதான். முடிஞ்சா லூப்புக்கு ஆரம்பத்துலயே வேவ் ஃபைலா வாங்கிடுங்க.