குழம்பில் மருந்து கலக்க வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு வயது 44. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. பதினைந்து வருடக் குடி, இப்போது தினமும் இரண்டு குவார்ட்டர். போன மாதம் குருசடியில் சத்தியம் பண்ணிவிட்டு நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. பயந்துபோய் மறுபடியும் தொடங்கிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். குழம்பில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி 3,000 ரூபாய்க்குக் கிடைக்கிறதாம். கலக்கலாமா? இல்லை, வேன் அனுப்பி ஆளைத் தூக்கிப்போகும் மையத்தில் விட்டுவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, பொடியை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் குப்பையில் போடுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று விற்கிறவர் சொல்லமாட்டார். டைசல்ஃபிராம் என்ற மாத்திரையின் தூளாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சட்டென்று விழும். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். ஈரலையும் இதயத்தையும் பரிசோதித்து, எல்லாவற்றையும் விளக்கி, குடிக்கிறவரின் சம்மதத்தோடுதான் மருத்துவர்கள் அதைக் கொடுப்பார்கள். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போலக் குடிப்பார். ஆபத்தே அங்கேதான்.

இரண்டாவது விஷயம், அந்த வலிப்பு. அது அவருடைய மன பலவீனமும் இல்லை, சத்தியம் மீறிய தண்டனையும் இல்லை. வருடக்கணக்காகச் சாராயத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றால் தறிகெட்டு ஓடும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் தெரியாமல் உளறுவது, இல்லாத பூச்சியையும் பாம்பையும் காண்பது என்று போனால் உயிரே போகலாம். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம். அதனால் மருத்துவரைப் பார்க்கும்வரை "இன்றோடு விட்டுவிடு" என்று வற்புறுத்தவோ சத்தியம் வாங்கவோ வேண்டாம். மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்பும் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து போக வேண்டிய இடம் ஆசாரிப்பள்ளம், கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையிலேயே போய் மனநலப் பிரிவுக்குச் சீட்டு கேளுங்கள். குடிநோய்க்கு அங்கே காட்டுவதால் யாரும் பைத்தியம் ஆகிவிடுவதில்லை என்பதை அவரிடம் மட்டுமல்ல, சொந்தக்காரர்களிடமும் சொல்லுங்கள். தினமும் எவ்வளவு, எத்தனை வருடம், காலையில் எழுந்ததும் குடிக்கிறாரா, கடைசியாகக் குடித்தது எப்போது, ரத்த வாந்தி உண்டா, சர்க்கரை உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வலிப்பு வந்ததை முதல் வரியாக எழுதுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் வெறும் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்புண்டு. வலிப்பு வந்தவரை உள்நோயாளியாக வைத்து நிறுத்துவதே பாதுகாப்பு.

பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும் என்று சொல்வார்கள். தொடர்ந்து குடிப்பவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வறண்டிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கலாம், ஞாபகம் நிரந்தரமாகப் போகலாம். எங்கே காட்டினாலும் "இவர் தினமும் குடிப்பவர்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அவர் வர மறுத்தால்? நீங்கள் முதலில் போங்கள். சம்மதம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தே பல வீடுகளில் வருடங்கள் ஓடிவிடுகின்றன. மனநலப் பிரிவில் குடும்பத்தாரிடமும் பேசுவார்கள். அதற்கு முன்பே மனநல உதவி எண் 14416-க்கோ, போதை மீட்புக்கான 14446-க்கோ அழைத்துப் பேசலாம், கட்டணம் கிடையாது. குடிப்பவர்களின் குடும்பங்களுக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் போகலாம். பெயரும் ஊரும் வெளியே போகாது.

அவரிடம் பேச நேரம் முக்கியம். இரவு போதையில் பேசியது காலையில் அவருக்கு நினைவிருக்காது. வெட்டும் பாலெடுப்பும் முடிந்து, குடிக்கக் கிளம்புமுன் இருக்கும் அந்த அரை மணி நேரம் பாருங்கள். குடியைப் பற்றிப் பேசாமல் கையைப் பற்றிப் பேசுங்கள். "காலையில கை நடுங்குதுல்லா, கத்தி வழுக்கிரும். ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிட்டு வருவோம்." அவ்வளவு போதும். நடுக்கத்தில் வெட்டு ஆழமாக இறங்கி மரத்தில் காயம் விழுவது அவருக்கே தெரியும், அந்தக் கவலை அவருக்குள் இருக்கிறது. அவர் வேலைக்குப் போகாத நாளில் முதலாளிக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று சொல்வதையும், குடிக்கக் கடன் கொடுத்தவனுக்கு நீங்கள் அடைப்பதையும் நிறுத்துங்கள். அந்தக் கணக்கு அவரிடமே போகட்டும்.

வேன் அனுப்பும் மையம் வேண்டவே வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதமில்லாமல் ஒருவரைச் சேர்க்க ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதற்குத் தடை இருக்கிறது. தனியாரிடம் போவதென்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவீர்கள், வாரம் ஒருமுறை நான் பார்க்கலாமா என்று கேளுங்கள். "ஒரு மாதம் பார்க்கக் கூடாது" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடி விழுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. விழுந்தால் 181. எந்த நேரமும் அழைக்கலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் உண்டு. வீட்டைவிட்டு நீங்கள் இறங்க வேண்டியதில்லை.

சிகிச்சை முடிந்து அவர் வீடு திரும்பியதும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், மறு பார்வைக்கான தேதியைத் தவறவிடாதீர்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை விழுந்து வெட்டு இல்லாத நாட்களில்தான் கால் தானாகக் கடைப் பக்கம் போகும். அடுத்த பார்வை நாளை அந்த வாரங்களில் போட்டுக் கேளுங்கள். ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால் சண்டை வேண்டாம். மறுநாளே இருவருமாக ஆசாரிப்பள்ளத்துக்குப் பஸ் ஏறுங்கள்.