சம்பந்தமில்லாத ராஜா

கேள்வி: பிரிட்டிஷ் ராஜா குடும்பத்துச் செய்தி என்றால் ஆசிரியருக்கு ஒரு பக்கம் போதவில்லை. நமக்குச் சம்பந்தமில்லாத ராஜாவைப் பார்த்து வாய் பிளப்பது அடிமைப் புத்தி இல்லையா? — வாசகர், குழித்துறை

பதில்: சம்பந்தமில்லை, அதனால்தான் ரசிக்க முடிகிறது அண்ணாச்சி. அடுத்தவன் வீட்டுக் கல்யாண ஊர்வலத்தை ரோட்டோரம் நின்று பார்க்கிறவனுக்குத்தான் முழு சந்தோஷம். பெண்ணின் தகப்பனுக்குப் பந்தியில் பாயசம் தீர்ந்துவிடுமோ என்று கவலை. மொய் எழுதியவனுக்குப் போட்ட காசுக்குச் சாப்பிட்டோமா என்று கணக்கு. 2023 மே 6-ல் சார்லஸ் ராஜா முடிசூடியபோது டி.வி. முன்னால் நான் ரோட்டோரம் நின்றவன். இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள கிரீடம், கழுத்து வலி சார்லஸுக்கு. அரசாங்கச் செலவு 7 கோடியே 20 லட்சம் பவுண்டு, கட்டியது அந்த ஊர் வரிதாரர்கள். எனக்குக் கரண்ட் பில் மட்டும்.

மொய்யே எழுதவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1805 உடன்படிக்கைப்படி, நம் குமரி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் ராஜ்யம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷம் 8 லட்சம் ரூபாய் அழ வேண்டியிருந்தது. அந்தப் பாக்கி கழுத்தை நெரித்ததில்தான் அந்த ராஜ்யத்தின் முதன்மந்திரி, நம் தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பி தளவாய்க்கும் வெள்ளைக்காரனுக்கும் முட்டிக்கொண்டது. முன்பணம் கட்டிய கூத்தைப் பார்க்க நமக்கு இல்லாத உரிமையா?

அடிமை என்றும் மிரட்டாதீர்கள். அந்தப் பட்டத்தை 1750-லேயே திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா 'பத்மநாபதாசன்', அதாவது பத்மநாபசாமியின் அடிமை என்று தனக்கு எடுத்துக்கொண்டுவிட்டார். ராஜாவைத் திட்ட வெளியூர்க்காரன் வந்து நமக்குச் சொல்லித்தரவும் வேண்டாம். சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் திருவிதாங்கூர் ராஜாவை நீசன் என்றார், வெள்ளைக்காரனை வெண்நீசன் என்றார், சிங்காரத்தோப்பு சிறையிலும் இருந்துவிட்டு வந்தார். நாடார் பெண்கள் மேலாடை போட்டுக்கொள்ள 1859-ல் ஓர் உத்தரவு தேவைப்பட்ட ராஜ்யம் அது. அதற்குள் இருந்தவர்கள் எதை ரசித்திருப்பார்கள்? இன்றைக்கும் தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் திருவெம்பாவை ஓதுகிறார்கள். கேட்கும்போது எனக்குப் புல்லரிக்கும். ஆனால் பாங்காக்கில் உட்கார்ந்து அந்த ராஜாவைப் பற்றி ஏடாகூடமாக எழுதினால் சட்டப்பிரிவு 112, ஒரு குற்றத்துக்கு 15 வருஷம் வரை உள்ளே. புல்லரிப்பெல்லாம் இங்கே இருந்து பார்க்கிறவனுக்கு.

எனக்குப் பிடித்தது மலேசிய ஏற்பாடு. ஒன்பது மாநிலங்களில் ஒன்பது பரம்பரை ஆட்சியாளர்கள், அவர்களுக்குள் முறை வைத்து ஐந்து வருஷத்துக்கு ஒருவர் நாட்டுக்கே ராஜா. 2024 ஜனவரி 31 முதல் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். தவணை முடிந்தால் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட வேண்டும். அங்கேயும் ராஜாதான் என்பதால் அழுகை இல்லை. இதை எங்கள் தெருக் கோயில் கமிட்டியில் எடுத்துச் சொன்னேன். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். "நல்ல ஏற்பாடா இருக்கே, நாமளும் சுழற்சி வச்சிரலாம்" என்றார். ஒன்பது பேர் யார் யார் என்று எழுத உட்கார்ந்தோம். தம்பி, மச்சான், இரண்டு மருமகன், சம்பந்தி, துபாயில் இருக்கும் மூத்த மகன். ஏழாவதுக்கு ஆள் அகப்படவில்லை. கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துவிட்டு, காலியான மூன்று இடத்திலும் தன் பெயரையே எழுதச் சொன்னார். முதல் சுற்று காலி இடத்திலிருந்து தொடங்குகிறது. செயலாளர் அதற்குப் புது லெட்டர்பேடு அடித்து, பில்லை நன்கொடைக் கணக்கில் எழுதியிருக்கிறார்.

நம் பழைய திருவிதாங்கூர் ராஜாவும், 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழகத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டவர்தான். 1971-ல் மன்னர் மானியமும் நின்றது. மிச்சம் இருப்பது ஊர்வலம், அதுதான் அவர்களிடம் இருந்ததிலேயே நல்ல சாமான். நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாள் கைமாறும். சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படுவார்கள். எல்லையில், களியக்காவிளையில் நின்று பாருங்கள். இந்தப் பக்கத்து போலீஸ் விடைகொடுக்க, அந்தப் பக்கத்து போலீஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு துப்பாக்கி மரியாதைக்கு நிற்கும். நடுவில் மாட்டிய பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுத்து அப்படியே கும்பிடுவார். பத்மநாபசாமி கடலில் நீராடப் போகும் பங்குனி, ஐப்பசி ஆறாட்டுக்கு திருவனந்தபுரத்தில் விமான ஓடுபாதையையே மூடுகிறார்கள். சங்குமுகம் கடற்கரைக்குப் போக அதுதான் வழி. ராஜா குடும்பத்து மூத்தவர் வாளோடு ரன்வேயில் நடப்பார். பக்கிங்ஹாமில் இது உண்டா?

கடைசியாக, பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத்திடமிருந்து பிடுங்க வேண்டும் என்று மாதாமாதம் எழுதும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு: சார், அரண்மனை நம் தக்கலையில் இருக்கிறது, ஓடு மாற்றுவதும் கரையான் பார்ப்பதும் கேரளத் தொல்லியல் துறை. செலவு அவர்களுக்கு, அழகு நமக்கு. இந்தச் சௌகரியத்தை ஏன் கெடுக்கிறீர்கள்? ரொம்ப ஆசையாக இருந்தால், நம்மிடமே இருக்கும் உதயகிரிக் கோட்டைக்குப் போய், மார்த்தாண்டவர்மாவின் டச்சுத் தளபதி டிலனாய் கல்லறையைப் பார்த்துவிட்டு அடுத்த கடிதம் எழுதுங்கள். அப்படியே அரண்மனைக்கும் எட்டிப் பார்ப்பதாக இருந்தால் திங்கட்கிழமை வேண்டாம், விடுமுறை.